நின்றதா, நிறுத்தினார்களா?

ஆஸ்திரேலியக் கேளிக்கைப் பூங்காக்களின் ஆண்டுப் பாஸை வைத்துக்கொண்டு அடுத்த ரோலர் கோஸ்டர் எப்போது வரும் என்று காத்திருக்கும் அன்பர்களுக்கு,



உங்களுக்கு இது நல்ல காலம். 2017 செப்டம்பரில் கோல்ட் கோஸ்டின் மூவி வேர்ல்டுக்கு டிசி ரைவல்ஸ் ஹைப்பர்கோஸ்டர் வந்தது. 61.6 மீட்டர் உயரம், 1.4 கிலோமீட்டர் தண்டவாளம், மணிக்கு 115 கிலோமீட்டர் வேகம். 2021 டிசம்பரில் டிரீம்வேர்ல்டில் ஸ்டீல் டைப்பான் ஓடத் தொடங்கியது. அதே மாதம் சிட்னி லூனா பார்க்கில் பிக் டிப்பர் என்ற பழைய பெயரைச் சூட்டிக்கொண்டு ஒரு புத்தம்புதிய வண்டி. அடுத்த டிசம்பரில் சீ வேர்ல்டுக்கு லெவியத்தான் என்ற மரக் கோஸ்டர். 2024 டிசம்பரில் மூவி வேர்ல்டின் விசார்ட் ஆஃப் ஆஸ் பகுதியில் இரண்டு, டிரீம்வேர்ல்டில் ஜங்கிள் ரஷ். ஏழே ஆண்டுகளில் இத்தனை வருமென்று, டிரீம்வேர்ல்டு விபத்து நடந்த 2016-இன் இறுதியில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் உங்கள் பேச்சில் இரண்டு குரல்கள் ஓயாமல் கேட்கின்றன. ‘அடுத்தது என்ன?’ என்பது ஒன்று. ‘போன தடவையும் மூடியிருந்தது, இந்தத் தடவையும் மூடியிருக்கிறது, எதற்குக் காசு கொடுத்தோம்?’ என்பது இன்னொன்று. முதல் குரலில் ஆசை, இரண்டாவதில் ஆத்திரம். இரண்டையும் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டும் கேட்க வேண்டிய கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பதுதான் என் வாதம். ஒரு ரைடு நிற்பது தவறில்லை. அது ஏன் நின்றது, அதே காரணத்துக்காக எத்தனையாவது முறை நின்றது, எந்த முடிவின் பேரில் மறுபடி ஓடவிடப்பட்டது என்பவைதான் விஷயம். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் நிலையில் இருப்பவர்கள் நீங்கள் மட்டுமே. வருடத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் சுற்றுலாக்காரருக்கு அது தெரியப்போவதில்லை.

முதலில், நிற்பது என்றால் என்ன என்று பார்ப்போம். ரோலர் கோஸ்டரின் தண்டவாளத்தைக் கண்ணுக்குத் தெரியாத கோடுகளால் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டுக்குள் ஒரே சமயத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போன ரயில் தன் துண்டைவிட்டு வெளியேறியது என்று சென்சார்கள் உறுதி சொன்னால்தான் பின்னால் வரும் ரயிலுக்கு வழி திறக்கும். சொல்லாவிட்டால், அல்லது இரண்டு சென்சார்கள் இரண்டு விதமாகச் சொன்னால், கட்டுப்பாட்டுக் கணினி வாதாடிக்கொண்டிருக்காது, நிறுத்திவிடும். ரயில் போகாத இடத்தில் ரயில் இருப்பதாக நினைத்து அநாவசியமாக நிற்கலாம், ஆனால் ரயில் இருக்கும் இடத்தைக் காலியிடம் என்று நினைத்து ஓடிவிடக் கூடாது. வடிவமைப்பின் ஆணிவேரே இந்த ஓரவஞ்சனைதான். ஆகவே மேட்டின் நடுவே ஒரு ரயில் நின்று, பக்கவாட்டுப் படிகளில் பயணிகளை ஒவ்வொருவராக இறக்கிக் கூட்டிவருவதைப் பார்க்கும்போது, பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது பழுதான இயந்திரத்தை அல்ல, சொன்னபடி வேலை செய்யும் இயந்திரத்தை. மறுநாள் செய்தியில் ‘அந்தரத்தில் தவித்த பயணிகள்’ என்று வரும். தவித்திருப்பார்கள்தான், வெயிலும் கடுமையாக இருந்திருக்கும். ஆபத்து அந்த நேரத்தில் குறைவாகத்தான் இருந்தது.

இதோடு ஒரு சின்னக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரைடு ஓட நூறு பாகங்கள் ஒரே சமயத்தில் சரியாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இதைவிட அதிகம். ஒவ்வொரு பாகமும் ஆயிரத்துக்கு 999 முறை பிசகாமல் உழைக்கும் தரமான பொருள். ஒன்று தவறினாலும் வண்டி நிற்கும் என்றால், முழு ரைடும் சரியாக இருக்கும் வாய்ப்பு 99.9 சதவீதமாக இருக்காது. ஏறக்குறைய 90 சதவீதமாக இறங்கிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல பொருள். கூட்டிப் பார்த்தால் பத்துக்கு ஒரு முறை நிற்கும். பாதுகாப்புக்காக ஒரு சென்சாரை இரண்டாக்கினால் நிற்பதற்கான காரணங்களும் கூடும். எச்சரிக்கையான இயந்திரம் அடிக்கடி நிற்கும் இயந்திரமாகவும் இருக்கும். இதை ஏற்றுக்கொள்ளாமல் ‘புதுசுதானே, ஏன் நிற்கிறது?’ என்று கேட்பதில் பயனில்லை.

நிற்பதை வெறும் தொந்தரவு என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் ஒரு சாட்சி. 2015 ஜூன் 2-ஆம் தேதி அங்கே ஸ்மைலர் என்ற கோஸ்டர், 2013-இல் திறந்த, அப்போதைக்குப் புதிய வண்டி, ஒரு ரயிலை மேலே நிறுத்திவைத்தது. முன்னால் ஏதோ தடுக்கிறது என்றது கணினி. ஊழியர்கள் அதைப் பொய் எச்சரிக்கை என்று நினைத்தார்கள். அன்று கூடுதலாக ஒரு ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றியிருந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை. சோதனைக்காக ஆளில்லாமல் அனுப்பிய ரயில் ஒன்று பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது. கணினியின் தடையை மீறி, 16 பேர் இருந்த ரயிலை அனுப்பினார்கள். இரண்டு இளம்பெண்கள் கால் இழந்தார்கள். நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். இயந்திரம் அன்று சரியாகத்தான் சொன்னது.

இனி நம் கரைக்கே வருவோம். 2016 அக்டோபர் 25-ஆம் தேதி டிரீம்வேர்ல்டின் தண்டர் ரிவர் ரேப்பிட்ஸில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்கு ஒரு துயரச் செய்தியாக நினைவிருக்கும். நால்வர் இறந்தார்கள். மரண விசாரணை அதிகாரி ஜேம்ஸ் மெக்டூகல் 2020 பிப்ரவரியில் தந்த முடிவுகளை, ரைடு பழுதாவதைப் பற்றிக் கவலைப்படும் எவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். அது அடிப்படையில் பழுதுகளின் வரலாறு. 1986-இல் திறந்த அந்த ரைடில் வட்டப் படகுகள் செயற்கை ஆற்றில் மிதந்துவந்து, கடைசியில் ஒரு கன்வேயரில் ஏறி, இறங்குமிடத்துக்கு வரும். ஆற்றில் தண்ணீர் நிற்பதற்கு இரண்டு பெரிய பம்புகள். ஒன்று நின்றால் சில விநாடிகளில் நீர்மட்டம் சரிந்து, கன்வேயரைத் தாண்டிய படகு அடியிலிருக்கும் தண்டவாளத்தில் தரை தட்டிவிடும். அன்று பிற்பகல் நடந்தது இதுதான். ஒரு பம்பு நின்றது, ஒரு படகு தரைதட்டியது, கன்வேயர் மட்டும் நிற்காமல் ஓடி அடுத்த படகைக் கொண்டுவந்து அதன்மேல் மோதியது. அந்தப் பம்பு அன்று அதற்கு முன்பே இரண்டு முறை நின்றிருந்தது. இரண்டு முறையும் ரீசெட் செய்து ஓடவிட்டார்கள். மூன்றாவது முறை நின்றபோது கன்வேயரில் ஆறு பேர் இருந்தார்கள்.

அந்த ரைடில் நீர்மட்டம் குறைந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? வாய்க்கால் சுவரில் தண்ணீரின் அழுக்குப் படிந்து உண்டான கறைக்கோட்டைப் பார்த்து. கோடு தெரிந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நீர்மட்டம் இறங்கினால் கன்வேயரைத் தானாக நிறுத்தும் சென்சார் கிடையாது. அது நிலவுக்கு ராக்கெட் விடும் தொழில்நுட்பமல்ல. வீட்டு மேல்தொட்டிக்கும் அப்படி ஒன்று பொருத்துகிறோம். இறங்குமிடத்தில் இருந்த அவசர பட்டனை அழுத்தினால் கன்வேயர் இரண்டு விநாடியில் நிற்கும்; முதன்மைக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த பட்டனுக்கு ஏழெட்டு விநாடி பிடிக்கும். எது எவ்வளவு சீக்கிரம் நிறுத்தும் என்பதில் ஊழியர்களுக்கே தெளிவில்லை. 2001-இல் ஆளில்லாத படகுகள் இதே இறங்குமிடத்தில் மோதிக்கொண்டது பூங்காவின் பதிவுகளிலேயே இருந்தது. முப்பது வருடங்களில் ஒரு முறைகூட தகுதியான பொறியாளரைக் கொண்டு அந்த ரைடின் முழு ஆபத்தையும் அலசியதற்கு விசாரணையில் சான்று கிடைக்கவில்லை. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் 36 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதற்கு அடுத்த ஆண்டு அதே பூங்காவில் திறந்த ஸ்டீல் டைப்பானுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்லப்பட்டது. இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டு ஒரு தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. கறைக்கோட்டுக்குப் பதில் ஒரு சென்சார் வைத்திருந்தால் அதன் செலவு இந்த இரண்டு தொகைகளுக்கும் பக்கத்தில்கூட வந்திருக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. நம்பகம் ஒரு விஷயம், பாதுகாப்பு வேறு விஷயம் என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ரைடு நின்றால் வாடிக்கையாளர் சேவைக்காரர் வந்து சமாதானம் சொல்வார்; விபத்து நடந்தால் பொறியாளரும் வழக்கறிஞரும் வருவார்கள். உள்ளே, இயந்திரத்தின் பக்கத்தில், அந்தப் பிரிவினை கிடையாது. பம்பு நின்றது ஒரு நம்பகப் பிரச்சினை. முதல் முறை அது வரிசையில் நின்றவர்களுக்குக் கொஞ்சம் தாமதம், இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை அதே பழுதுதான் கொன்றது. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அது தகவல். அதை ரீசெட் பட்டனால் அழிக்கும் இடத்தில், ரைடு அதிக நேரம் ஓடியதாகக் கணக்கு காட்டினாலும் அந்தக் கணக்கு பொய். எனவே ‘ரைடு எவ்வளவு நேரம் ஓடியது?’ என்பதைவிட ‘அதே கோளாறு எத்தனை முறை வந்தது?’ என்ற கேள்வி கூர்மையானது. ஆத்திரப்படுபவர்கள் முதல் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

ஆசைப்படுபவர்களிடம் வருகிறேன். பழையதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கினால் பிரச்சினை தீரும் என்று நம்புகிறீர்கள். பழையவை நிறையவே போய்விட்டன: 1997-இல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த டவர் ஆஃப் டெரர் 2019 நவம்பரில் மூடப்பட்டது, மூவி வேர்ல்டின் ஆர்க்கம் அசைலமும் அதே ஆண்டு. அவை வயதாகிப் போனவை, யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வந்தவற்றின் விளம்பரங்களைச் சற்று நிதானமாகப் படியுங்கள். ஸ்டீல் டைப்பானில் ரயிலை ஒரே ஓட்டத்தில் முன்னும் பின்னுமாக மூன்று முறை உந்திவிடுவார்கள்; கடைசி வரிசை இருக்கைகள் தாமாகவே சுழலும். ரைவல்ஸிலும் லெவியத்தானிலும் கடைசி வரிசை பின்னோக்கிப் பார்க்கும். (கோல்ட் கோஸ்டில் கடைசி பெஞ்சுக்கு வந்த மவுசு பள்ளிக்கூடத்தில்கூடக் கிடையாது.) ஜங்கிள் ரஷ்ஷில் தண்டவாளத்தின் நடுவே சாய்வான சுழல்மேடை ஒன்று ரயிலை அப்படியே திருப்பிவிடும், உலகிலேயே முதல்முறையாக. சிட்னி பிக் டிப்பரில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். அந்த மாதிரியில் உலகில் முதலில் கட்டிய வண்டி அதுதான். இவை எல்லாமே அருமையான கற்பனைகள். ஆனால் ‘உலகிலேயே முதல்’ என்ற சொற்றொடரைப் பராமரிப்புக் கொட்டகையில் இருக்கும் மெக்கானிக்கின் காதால் கேளுங்கள். இந்தப் பாகம் எத்தனை மாதத்தில் தேயும், எந்த இடத்தில் முதலில் விரிசல் விடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஊரில் மூத்த வண்டி கிடையாது என்பதுதான் அவருக்கு அதன் பொருள். தேய்மானத்தைத் தானே கற்க வேண்டும். கற்கும் காலத்தில் ரைடு நிற்கும். சுழலும் இருக்கை ஒரு அச்சு, சில பேரிங்குகள், ஒரு பூட்டு, அவற்றைக் கண்காணிக்கும் சில சென்சார்கள். மேலே போட்ட நூறு பாகக் கணக்கில் ஒவ்வொன்றும் சேரும்.

எதிர்முனையில் மெல்போர்ன் செயின்ட் கில்டாவில், லூனா பார்க்கின் சீனிக் ரயில்வே இருக்கிறது. 1912-இல் திறந்தது. ரயிலின் நடுவில் ஒரு ஆள் நின்றபடி பயணம் செய்து, கையால் இழுத்து பிரேக் போடுவார். கணினி கிடையாது, உந்துவிசை மோட்டார் கிடையாது. மரமும் ஆணியும் கயிறுமான அந்த இயந்திரம் நூறு வருடம் தாண்டியதற்குக் காரணம் அது எளிமையாக இருப்பது மட்டுமல்ல. மர வண்டியின் தண்டவாளத்தை ஆள் நடந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். பலகையைப் பலகையாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த காலங்கள் உண்டு. பழையது என்றால் பொன் என்று நான் சொல்லவில்லை. வயதைவிடக் கவனிப்புத்தான் ஒரு ரைடின் ஆயுளைத் தீர்மானிக்கிறது, அந்தக் கவனிப்புக்கான நேரம் நாள்காட்டியில் எங்காவது ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாள்காட்டிதான் கோல்ட் கோஸ்டின் சிக்கல். ஐரோப்பாவின் பெரும்பாலான பூங்காக்களைப் பனிக்காலம் மூடிவைக்கும். அந்த மாதங்களில் ரயில்களை ஆணி ஆணியாகப் பிரித்து, சக்கர அச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று காந்தத்துகள் தூவிச் சோதித்து, சக்கரங்களுக்குப் புது உறை போட்டு மாட்டுவார்கள். பெர்த்தின் அட்வெஞ்சர் வேர்ல்டும் குளிர்காலத்தில் மூடிவிடுகிறது. 2013-இல் வந்த அபிஸ் என்ற கோஸ்டர் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை உறங்கி எழுகிறது. கோல்ட் கோஸ்டுக்குக் குளிர்காலமும் சீசன்தான், ஏனென்றால் மெல்போர்ன்காரர்கள் குளிருக்குப் பயந்து அப்போதுதான் அங்கே போகிறார்கள். வருடம் முழுவதும் பூங்கா திறந்திருந்தால் பராமரிப்பும் உங்கள் கண்ணெதிரேதான் நடக்கும். ஒரு ரைடை மூன்று வாரம் மூடி, அதைத் திறந்து அடுத்ததை மூடுவார்கள். முன்கூட்டியே அறிவித்து மூடும் அந்தப் பட்டியலைப் பூங்காக்கள் வெளியிடுகின்றன. அதைப் பார்க்காமல் வந்துவிட்டு வாசலில் சண்டை போடுவதில் நியாயமில்லை. இதோடு கோடைப் பிற்பகல்களின் இடிமின்னல், கடலோரத்தில் நிற்கும் சீ வேர்ல்டின் ஒவ்வொரு போல்ட்டையும் நக்கும் உப்புக்காற்று, 2025 மார்ச்சில் வந்த ஆல்பிரட் புயல் போன்றவையும் உண்டு. உதிரி பாகங்களோ ஜெர்மனியின் வால்ட்கிர்க்கில் இருக்கும் மாக் ஆலையிலிருந்தோ நெதர்லாந்தின் வெக்கோமா நிறுவனத்திலிருந்தோ வர வேண்டும். ஐரோப்பியப் பூங்கா லாரியில் வரவழைக்கும் பொருளுக்கு இங்கே விமானச் சரக்கு அல்லது கப்பல்.

தூரத்தைச் சொல்லித் தப்பிக்க விடலாமா? கூடாது. தூரம் நேற்று முளைத்ததல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே வால்ட்கிர்க் எங்கே இருக்கிறது என்று தெரியும். மூன்று கோடி டாலருக்கு வண்டி வாங்குபவர், வாரக்கணக்கில் காக்கவைக்கக்கூடிய பாகங்களைக் கூடவே வாங்கிக் கொட்டகையில் வைக்கவில்லை என்றால், அது ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவது போலத்தான். வருடம் முழுக்க ஓட்ட வேண்டிய ரைடுக்குச் சக்கரத் தொகுதிகளில் ஒரு முழுச் செட் மாற்றாக இருந்தால், ஒன்று சோதனைக்குப் போகும்போது மற்றது ஓடும். இரண்டு ரயில்கள் உள்ள ரைடில் ஒன்று கழற்றப்பட்டிருக்கும் நாளில், ரைடு ‘திறந்திருக்கிறது’ என்றே பலகை சொல்லும். வரிசை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திறந்ததா மூடியதா என்ற இரண்டே நிலைகளில் பார்க்கும் நம் கண்ணுக்கு அந்த நாள் தப்பிவிடுகிறது.

நிர்வாகங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும், நீங்களே அவர்கள் சார்பாகச் சொல்வதையும் பார்க்கிறேன்: ‘புது ரைடு வந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் பராமரிப்புக்குப் பணம். பேரிங் மாற்றியதை டிவி விளம்பரத்தில் போட முடியுமா?’ இதில் பாதி உண்மை. 2016-க்குப் பிறகு டிரீம்வேர்ல்டுக்குக் கூட்டம் திரும்பியதில் ஸ்டீல் டைப்பானுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதிதாக எதுவுமே வாங்காமல் மெதுவாக வாடிப்போகும் பூங்கா என்ன ஆகும் என்பதற்கு 2004-இல் மூடிய சிட்னி வொண்டர்லேண்டின் கதை நமக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் ஒரு தடவை வந்து போகிறவருக்குப் பொருந்தும். அவர் விளம்பரத்தைப் பார்த்து வருவார். ஆண்டுப் பாஸ் வாங்குபவர் விளம்பரத்துக்காக வாங்குவதில்லை. சனிக்கிழமை காலையில் யோசிக்காமல் கிளம்பினால் விரும்பிய ரைடில் ஏற முடியும் என்ற நம்பிக்கைக்காக வாங்குகிறார். பாஸைப் புதுப்பிக்கலாமா என்று அவர் யோசிக்கும் நாளில் மனதில் நிற்பது திறப்பு விழா வாணவேடிக்கை அல்ல, மூடிக்கிடந்த மூன்று சனிக்கிழமைகள். அவரைப் பொறுத்தவரை பேரிங் மாற்றுவதும் விற்பனைதான்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ரைடு ஓடிய நேரத்தை வெளியில் சொல்லச் சொன்னால், அந்த எண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற நெருக்கடி ரைடை இயக்கும் பத்தொன்பது வயதுப் பையனின் விரலில் வந்து உட்காரும். சந்தேகம் வந்தால் நிறுத்து என்று சொல்லிக்கொடுத்த இடத்தில், நிறுத்தினால் சதவீதம் குறையும் என்ற பயம் புகுந்துவிடும். அப்படியானால் நான் கேட்பதே அடுத்த விபத்துக்கு விதையாகாதா? எண்கள் மனிதர்களைக் கோணலாக்கும் என்பதற்கு மெல்போர்ன்வாசிகளுக்கு உதாரணம் வேண்டியதில்லை. ரயில்கள் எத்தனை சதவீதம் நேரத்துக்கு வந்தன என்று அங்கே கணக்கு வெளியிடுகிறார்கள், இலக்கு தவறினால் பயணிகளுக்கு இழப்பீடும் உண்டு. விளைவு? தாமதமான ரயில்கள் நடுவில் உள்ள நிலையங்களில் நிற்காமல் பறந்து, கடைசி நிலையத்தை நேரத்துக்குத் தொட்டன. ரயில் நேரத்துக்கு வந்தது, பயணிதான் வந்துசேரவில்லை. இந்தத் தந்திரத்தை ஒடுக்கப் பிறகு ஒப்பந்தத்தையே இறுக்க வேண்டியிருந்தது.

ஆகவே எதை எண்ணுவது என்பதில் கவனம் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். எண்ணவே கூடாது என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானங்களின் தாமதக் கணக்கு ஒவ்வொரு மாதமும் நிறுவன வாரியாக வெளிவருகிறது. அதனால் விமானிகள் பழுதான விமானத்தை ஓட்டிக்கொண்டு போவதில்லை. ஏனென்றால் விமானம் பறக்கத் தகுதியானதா என்பதைத் தீர்மானிப்பது வேறு சட்டம், கண்காணிப்பது வேறு அமைப்பு, விபத்தை யார் தலையிலும் பழிபோடாமல் ஆராய்வது இன்னும் வேறு அமைப்பு. கோல்ட் கோஸ்ட் இருக்கும் குயின்ஸ்லாந்திலும் ரைடுகளுக்கு அப்படி ஒரு வேலி இப்போது இருக்கிறது. டிரீம்வேர்ல்டு விபத்துக்குப் பின் 2017-இல் தொழிலிட மரணத்துக்கு நிர்வாகத்தையே குற்றவாளியாக்கும் சட்டம் வந்தது. 2019 முதல் பெரிய பூங்காக்கள் தங்கள் ரைடுகளின் ஆபத்துகளை ஒவ்வொன்றாக அலசி, அவற்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்று நிரூபித்து உரிமம் பெற வேண்டும் என்று விதி வந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சோதனையும் கட்டாயம். இந்த வேலி இல்லாமல் எண் கேட்பது அபாயம்தான். வேலி எழும்பிய பிறகும் கேட்காமலிருப்பது சோம்பல்.

கேட்கும்போது நின்ற நிமிடங்களைக் கேட்க வேண்டாம். ஒரு நாளில், ஒரு ஊழியரின் பணிநேரத்தில் எத்தனை முறை நின்றது என்ற எண் யாருக்கும் வேண்டாம். அதுதான் அந்தப் பையனின் விரலை நடுங்கவைக்கும் எண். ஒரு பள்ளி விடுமுறையிலிருந்து அடுத்த விடுமுறை வரை, ரைடு வாரியாக, மூன்றே மூன்று விவரங்கள் போதும். அறிவித்து மூடிய நாட்கள் எத்தனை. அறிவிக்காமல் மூடிய முழு நாட்கள் எத்தனை, அவற்றில் உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தவை எத்தனை. எத்தனை நாட்கள் இருக்கும் ரயில்களில் பாதி மட்டும் ஓடியது. மழைக்கும் மின்னலுக்கும் நின்றது கணக்கில் சேர வேண்டியதில்லை, இயந்திரம் சந்தேகப்பட்டுத் தானே நின்று அரைமணியில் சோதித்துத் திறந்ததும் சேர வேண்டியதில்லை. இந்த மூன்றிலும் ரைடை இயக்குபவரின் தலை உருளாது. உருண்டால் கொள்முதல் அறையின் தலைதான் உருளும். திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளின் பதிவை மட்டும் நமக்குக் காட்ட வேண்டாம், அரசின் ஆய்வாளருக்குத் தவறாமல் போக வேண்டும். வரிசையில் நிற்கும் நமக்கு ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரே பெயர் மூன்றாம் முறை வந்தால், அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்காரும் ஒருவர் வெளியே எங்காவது இருக்க வேண்டும். 2016-இல் அப்படி ஒருவர் இருந்ததற்கான அடையாளம் விசாரணையில் தெரியவில்லை.

பணத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ரைடு நின்றதற்காக ஒரு நாள் டிக்கெட்டில் கழிவு கேட்பது கொஞ்சம் ஆபத்தான வழி என்றே நினைக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு ஒரு ரைடை நிறுத்தினால் இத்தனை ஆயிரம் டாலர் உடனே போகும் என்று மேலாளர் மனதில் ஓட ஆரம்பித்தால், அது நல்லதல்ல. ஆண்டுப் பாஸுக்கு அது பொருந்தாது. முக்கியமான ரைடு இரண்டு மாதம் பாகத்துக்காகக் கிடந்தால் பாஸின் காலத்தை நீட்டச் சொல்லலாம். அந்தச் செலவு அன்றைய தினத்தின் பட்டனில் விழாது, அடுத்த வருடத்தின் பட்ஜெட்டில் விழும். விழ வேண்டிய இடமும் அதுதான்.

அடுத்த கோஸ்டர் அறிவிப்பு வரும், சந்தேகமே இல்லை. மேடையில் ஒரு சின்ன மாதிரி உருவத்தைத் திரை விலக்கிக் காட்டுவார்கள், உயரமும் வேகமும் சொல்வார்கள், உலகிலேயே முதல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பாஸ்காரர்களுக்கென்று தனியாக அழைப்பு வைத்து, கேள்வி கேட்கவும் நேரம் கொடுப்பார்கள். அப்போது கை தூக்குங்கள். நிறம் என்ன, கடைசி வரிசை எந்தப் பக்கம் பார்க்கும் என்பதெல்லாம் எப்படியும் தெரிந்துவிடும். இதற்கு எத்தனை ரயில், மாற்றுச் சக்கரத் தொகுதி எத்தனை செட் கூடவே வருகிறது, ஆண்டில் எந்த வாரங்களில் இதை மூடிப் பிரிக்கப் போகிறீர்கள், ஏற்கெனவே ஓடும் கோஸ்டர்கள் போன சீசனில் அறிவிக்காமல் எத்தனை நாள் மூடியிருந்தன என்று கேளுங்கள். பதில் உடனே வராது. ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்பார்கள். எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் ஒருவர்